ஹால் போர்டில் கருப்புத் தூள்: 8,260 ரூபாய்க்குக் கிடைத்த விடை

ஆவணியிலிருந்து இன்றுவரை, தையல் மெஷின் மோட்டாரின் பின்பக்கப் போர்டு தகராறு என்று ஒரு மோட்டார்கூடத் திரும்பி வரவில்லை. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். இதற்கு முன்னால் இரண்டு தடவை "கண்டுபிடித்துவிட்டேன்" என்று நண்பர்களிடம் சொல்லி, இரண்டு தடவையும் அசிங்கப்பட்டிருக்கிறேன்.

திருப்பூரில் தையல் மெஷின் மோட்டார், கன்ட்ரோல் பாக்ஸ் சர்வீஸ் பார்க்கும் சிறு பட்டறை என்னுடையது. நானும் இரண்டு பையன்களும். இப்போது பனியன் கம்பெனிகளில் ஓடும் பவர் மெஷின்களில் பெரும்பாலும் தலையிலேயே மோட்டார் வைத்த டைரக்ட் டிரைவ்தான். ரோட்டரில், அதாவது சுழலும் பாகத்தில், நியோடிமியம் காந்தங்கள் ஒட்டியிருக்கும். பின்மூடிக்குள் ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு வட்டப் போர்டு; அதில் காந்தத்தை உணரும் ஹால் சென்சார் மூன்று, ஒரு சின்ன ஐசி. ரோட்டர் எங்கே நிற்கிறது என்று கன்ட்ரோல் பாக்ஸுக்குச் சொல்வது அதன் வேலை.

பொங்கலுக்கு அப்புறம் ஒரே மாதிரிப் புகார் வர ஆரம்பித்தது. தைத்துக்கொண்டிருக்கும்போதே மெஷின் நின்றுவிடும், பேனலில் மோட்டார் எர்ரர். அணைத்துப் போட்டால் ஓடும். அரை மணி கழித்து மறுபடி நிற்கும். போர்டைக் கழற்றி மேசையில் வைத்து 5 வோல்ட் கொடுத்து, ஒரு காந்தத்தைக் கையால் மூன்று சென்சார் மேலும் காட்டினால் பூஜ்யம், ஐந்து, பூஜ்யம், ஐந்து என்று துல்லியமாக மாறும். போர்டில் ஒரு குறையும் இல்லை. மோட்டாரில் திரும்ப மாட்டினால் பழைய கதை. சித்திரைக்குள் இப்படி 14 மோட்டார்.

முதல் தப்பு, சென்சாரை மாற்றியது. ஒன்று 18 ரூபாய், போர்டுக்கு மூன்று. மாற்றியதும் பத்து நாள் ஓடியது, நானும் சரியாகிவிட்டது என்று நம்பினேன். உண்மையில் சால்டர் வைத்த பிறகு ஃபிளக்ஸைத் துடைத்தோமே, அந்தத் துடைப்புதான் பத்து நாள் கொடுத்திருக்கிறது. அடுத்து கனெக்டர், அடுத்து கேபிள். அதற்கும் அடுத்து கம்ப்ரெசர் காற்று அடித்தோம். காற்று அடித்தது மிக மோசமான யோசனை என்று இப்போது தெரிகிறது: தூள் வெளியே போகாமல் ஐசியின் அடிவயிற்றுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

மோட்டாருக்குள் இருக்கும்போது மட்டும் வரும் குறையை மோட்டாருக்குள் வைத்தே அளக்க வேண்டும் என்று எனக்குப் புத்தி வர மூன்று மாதம் ஆனது. மூன்று வெளியீட்டுக் கால்களிலும் மெல்லிய வயரைச் சால்டர் செய்து பின்மூடி வழியாக வெளியே எடுத்து, தண்டை டிரில் மெஷினால் மெதுவாகச் சுற்றி, வோல்ட்டேஜ் ஏறி இறங்குவதைக் கோடாகக் காட்டும் ஸ்கோப்பில் பார்த்தோம். இரண்டாவது சென்சாரின் கோடு 5 வோல்ட்டுக்கு ஏற வேண்டிய இடத்தில் 1.8இல் நின்றது. காலை 5 வோல்ட்டுக்கு இழுத்துப் பிடிக்கும் புல்-அப் ரெசிஸ்டர் 4.7 கிலோ ஓம். கணக்குப் போட்டால் அந்தக் காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் சுமார் 2.6 கிலோ ஓம் அளவுக்கு ஏதோ ஒன்று பாலம் போட்டிருக்கிறது. பின்மூடியைத் திறந்து போர்டை வெளியே எடுத்த நொடியில் அந்தப் பாலம் காணாமல் போனது.

அப்புறம்தான் யுஎஸ்பி மைக்ராஸ்கோப்பை எடுத்தேன். ஐசியின் கால்களுக்கு நடுவே மெஷின் ஆயிலும் பஞ்சும் கலந்த பிசுக்கு, அதில் கருப்புத் துகள்கள். பனியன் கம்பெனியிலிருந்து வரும் எந்த போர்டிலும் பிசுக்கும் பஞ்சும் இருக்கும். அதனால்தான் அதுவரை யாரும் உற்றுப் பார்க்கவில்லை. பையன்களில் ஒருவன் சும்மா விளையாட்டாகப் போர்டுக்கு அடியில் ஒரு காந்தத்தைக் கொண்டுபோனான். "அண்ணா, இங்க பாருங்க, முடி மாதிரி எந்திரிச்சு நிக்குதுங்க" என்றான். பிசுக்குக்குள் கிடந்த துகள்கள் ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்துக்கொண்டு ஒரு காலிலிருந்து அடுத்த காலுக்குச் சாய்ந்து நின்றன. கால்களின் மையத்துக்கு மையம் 0.65 மி.மீ., நடுவே இடைவெளி 0.4கூட இருக்காது. 80 மைக்ரான் துகள் ஐந்து கோத்தால் போதும். காந்தத்தை விலக்கினால் சங்கிலி சரிந்து வெறும் கரியாகிவிடும். ரோட்டரின் காந்தப்புலத்தில் பாலம், மேசையில் சுத்தம். மூன்று மாதப் புதிர் இதுதான்.

சரி, காந்தத்தூள். ஆனால் எது? அது தெரியாமல் எங்கே அடைப்பது என்று தெரியாது. தண்டோ மூடியோ உரசிய இரும்பா, எங்கள் ஸ்க்ரூடிரைவர், ட்வீசரிலிருந்து வந்ததா, ரோட்டர் காந்தமே உதிர்கிறதா? எனக்கு எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் யோசனை கொடுத்தவர் கோயம்புத்தூரில் வாகன உதிரிபாகக் கம்பெனியில் தரப்பரிசோதனை பார்க்கும் நண்பர். அங்கே பாகத்தைக் கழுவி, கழுவிய திரவத்தை வடிகட்டி, வடியில் தங்கும் துகளை எண்ணிப் பார்க்கும் முறை ஒன்று இருக்கிறது, ஐ.எஸ்.ஓ. 16232 என்ற தரம் அதைச் சொல்கிறது. துகளைப் படம் பிடித்து, அதே இடத்தில் எந்தத் தனிமம் என்று பார்க்க ஈடிஎஸ் (துகளிலிருந்து வரும் எக்ஸ்ரேயை அளக்கும் கருவி) பொருத்திய எஸ்இஎம், அதாவது ஸ்கேனிங் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப், போதும் என்றார். பக்கத்துக் கல்லூரி ஒன்றின் ஆய்வகத்தில் வெளியாருக்கும் மணிக்கணக்கில் விடுகிறார்கள். ஈடிஎஸ் சேர்த்து மணிக்கு 2,000, மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி.

மாதிரி எடுப்பதிலேயே நான்கு தப்பு செய்தேன். வெறும் காந்தத்தால் தூளை எடுத்தேன். எடுத்ததைத் திரும்பப் பிரிக்க முடியவில்லை. காந்தத்தைப் பாலித்தீன் கவருக்குள் வைத்து எடுக்க வேண்டும், பிறகு கவரை மட்டும் உருவினால் தூள் கொட்டிவிடும். காபி வடிதாளில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை ஊற்றி வடித்தேன். தாளின் நார்களுக்குள் துகள் எல்லாம் ஒளிந்துகொண்டது. 47 மி.மீ. விட்டமுள்ள, 5 மைக்ரான் துளையுள்ள மெம்பிரேன் வடி வாங்கிய பிறகு சரியானது. சீக்கிரம் வடியட்டும் என்று பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரெசரை வேக்யூம் பம்பாக மாட்டினேன். ஆல்கஹால் ஆவியை மின்சாரக் கம்ப்ரெசருக்குள் உறிஞ்சவிடுவது தீப்பிடிக்கும் வேலை. பாதியில் உறைத்து நிறுத்தினேன். தானாகச் சொட்டவிட்டால் 50 மில்லிக்கு இருபது நிமிடம், அவ்வளவுதான்.

நான்காவது தப்பு ஆய்வகத்தில்தான் வெளிப்பட்டது. முழுப் போர்டு உள்ளே நுழையாதோ என்று, ஐசி இருக்கும் 15 மி.மீ. துண்டை ஹேக்ஸா பிளேடால் அறுத்துக் கொண்டுபோயிருந்தேன்.

போவதற்கு முந்தின நாள் நிரப்பி அனுப்பச் சொன்ன படிவத்தில் "மாதிரி காந்தத்தன்மை உடையதா" என்று ஒரு கேள்வி. ஆம் என்று எழுதியதும் போன் வந்துவிட்டது. கருவியைப் பார்த்துக்கொள்ளும் மேடம், "சார், லூசா ஒரு தூள் இருந்தாலும் உள்ள விட மாட்டேன். அது பறந்துபோய் லென்ஸ்ல ஒட்டுச்சுன்னா அன்னிக்கோட மெஷின் படுத்துடும்" என்றார். எலக்ட்ரான் கற்றையைக் குவிப்பதே காந்தப்புல லென்ஸ்தான். மாதிரிக்குச் சில மில்லிமீட்டர் மேலேயே அதன் முனை இருக்கிறது. கடைசியில் அவர் சொன்னபடி செய்தோம். மாதிரி வைக்கும் அலுமினிய ஸ்டப்பில் இருபக்கமும் ஒட்டும் கார்பன் டேப், அதைப் போர்டின் பிசுக்கில் ஒற்றி எடுப்பது, ஸ்டப்பைத் தலைகீழாகத் தட்டுவது, நைட்ரஜன் ஊதுவது, கடைசியாக ஒரு கையளவு காந்தத்தை இரண்டு செ.மீ. மேலே பிடித்துப் பார்ப்பது. எதுவும் அசையவில்லை என்றால்தான் உள்ளே. வழக்கமாக லென்ஸிலிருந்து 10 மி.மீ. தூரத்தில் வைப்பவர் எனக்கு 15இல் வைத்தார்.

முதலில் அறுத்துக் கொண்டுபோன துண்டு. மோதித் திரும்பும் எலக்ட்ரான்களால் வரும் பின்சிதறல் படத்தில் கனமான தனிமம் வெளுப்பாகத் தெரியும், லேசானது கருப்பாக. எபாக்சி போர்டு கருப்பு, இரும்பு வெளுப்பு என்று எதிர்பார்த்துப் போனால் பச்சைப் பூச்சு முழுக்க வெள்ளைப் புள்ளி, விதை தெளித்த மாதிரி. பரவசமாகிவிட்டேன். புள்ளியில் ஈடிஎஸ் வைத்தால் பேரியம், கந்தகம், ஆக்சிஜன். சால்டர் மாஸ்க் பூச்சில் நிரப்பியாகப் போடும் பேரியம் சல்ஃபேட். அடுத்து ஓரத்தில் நிறைய இரும்புத் துகள் கிடைத்தது. அது என் ஹேக்ஸா பிளேடு. 40 நிமிடம், அதாவது ஆயிரத்து முந்நூறு ரூபாய்க்கு மேல், போர்டின் பெயின்டையும் என் ரம்பத்தையும் பார்த்துத் தீர்த்தோம்.

கார்பன் டேப்பை வைத்ததும் படம் தெளிந்தது. டேப் முழுக் கருப்பு, அதில் 20 முதல் 150 மைக்ரான் வரை வெள்ளை வெளேரென்று துகள்கள். சிலவற்றின் அருகே ஃபோகஸ் நிலைக்கவே இல்லை. பெரிதாக்கப் பெரிதாக்கப் படம் ஒரு பக்கமாக இழுத்தது, மேடம் திரும்பத் திரும்ப அஸ்டிக்மாட்டிசம் திருகைச் சரிசெய்தபடி இருந்தார். துகளே காந்தமாக இருந்தால் கற்றையை வளைக்கும். இதையும் நான் அன்று சரியாகக் காதில் வாங்கவில்லை. "சார், ராவின தூள்னா சுருள் சுருளா சீவல் மாதிரி இருக்கும். இது கல்கண்டு உடைச்ச மாதிரி இருக்கே" என்று வேறு சொன்னார். அதையும்தான்.

ஏனென்றால் திரையில் அட்டவணை வந்துவிட்டது. சாஃப்ட்வேர் தானாகவே பெயர் போட்டது: இரும்பு, குரோமியம், கொஞ்சம் ஆக்சிஜன், கொஞ்சம் சோடியம். நிக்கல் இல்லை. நான் உடனே முடிச்சுப் போட்டேன். 304 ஸ்டெயின்லெஸில் நிக்கல் இருக்கும். 430 வகையில் பெரிதாக இருக்காது, 16 முதல் 18 சதவீதம் குரோமியம் உண்டு, காந்தத்திலும் ஒட்டும். மலிவு ட்வீசர்! சோடியம்? கை வியர்வை உப்பு. எல்லாம் பொருந்தியது. 2 மணி நேரத்துக்கு 4,720 ரூபாய் கட்டிவிட்டு, பஸ்ஸில் வரும்போதே பையன்களுக்குப் போன் போட்டுத் திட்டினேன்.

ஆறு வாரம் ட்வீசர் வேட்டை. பிளாஸ்டிக் ட்வீசர் நான்கு, பித்தளை நுனி ஒன்று, காந்தம் நீக்கும் சின்னப் பெட்டி ஒன்று, மொத்தம் 1,150. அந்த ஆறு வாரத்தில் இன்னும் ஒன்பது மோட்டார் அதே புகாரோடு வந்தது. அதில் மூன்றில் பின்பக்கப் போர்டை நாங்கள் ட்வீசரால் தொட்டதே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆய்வகம் கொடுத்த பிடிஎஃப்பை எடுத்து அட்டவணையை விட்டுவிட்டு வரைபடத்தைப் பார்த்தேன்; ஒவ்வொரு தனிமமும் அதனதன் எக்ஸ்ரே ஆற்றலில் முகடாக எழும் படம் அது. இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். சோடியம் இருக்கிறது, குளோரின் இல்லை. குளோரின் இல்லாமல் என்ன வியர்வை உப்பு? அடுத்து குரோமியம் என்று எழுதியிருந்த முகடு. குரோமியத்தின் முக்கிய முகடு 5.41 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் வர வேண்டும். இங்கே உச்சி 5.2ஐ ஒட்டி இருந்தது. குரோமியத்துக்கு 5.95இல் ஒரு சின்னத் துணை முகடு வரும். இங்கே அதைவிட உயரமாக 5.7இல் நின்றது. நியோடிமியத்தின் முகடுகள் 5.23, 5.72. இன்னொன்று 0.98இல் வரும், சோடியத்தின் 1.04க்குப் பக்கத்து வீடு. இரண்டு தப்பும் ஒரே தப்பு. வெறும் 20 வினாடி அளந்ததால் முகடுகள் சொரசொரப்பாக இருந்தன, சாஃப்ட்வேர் பக்கத்தில் கிடைத்த பெயரை மாட்டிவிட்டது. நானும் அந்தப் பெயருக்கு ஒரு கதை கட்டினேன்.

இரண்டாம் முறை போனபோது ஒன்றரை மணி நேரம்தான், 3,540 ரூபாய். ஒரு புள்ளிக்கு 100 வினாடி, 20 கிலோவோல்ட், தனிமத்தைக் கையால் தேர்ந்தெடுத்தோம். ஒப்பிட இரண்டு தெரிந்த மாதிரியும் கொண்டுபோனேன்: எங்கள் ட்வீசரை உப்புத்தாளில் தேய்த்த தூள், கண்டம் பண்ணிய ரோட்டரிலிருந்து உடைத்த காந்தத் துணுக்கு. ட்வீசர் தூளில் 5.41 முகடு ஊசி மாதிரி நின்றது. போர்டுத் துகளும் காந்தத் துணுக்கும் கோட்டுக்குக் கோடு ஒத்துப்போயின: இரும்பு, நியோடிமியம், ஓரத்தில் கொஞ்சம் பிரசியோடிமியம். போரான் தெரியவில்லை, அவ்வளவு லேசான தனிமத்தை அந்தக் கருவியில் எதிர்பார்க்கவும் கூடாது. ஒரு தட்டையான செதில் மட்டும் வெறும் நிக்கல் காட்டியது. காந்தத்தின் மேல்முலாம்.

ஆக, காந்தம் உடைகிறது. ஏன் உடைகிறது? முதலில் மோட்டார் தயாரிப்பாளர் மேல் சந்தேகப்பட்டேன். புகாரோடு வந்த 23 மோட்டார்களின் ரோட்டரையும் மைக்ராஸ்கோப்பில் சுற்றிச் சுற்றிப் பார்த்தால் 17இல் காந்தத்தின் மூலை பெயர்ந்திருந்தது, எல்லாமே பின்பக்க விளிம்பில். பெட்டியிலிருந்து எடுத்த, நாங்கள் தொடாத புது மோட்டார் நான்கில் ஒரு கீறல்கூட இல்லை. அன்று மதியம் பையன் ஒரு மோட்டாரைப் பிரிக்கும்போது பக்கத்தில் நின்றேன். மூடியைக் கழற்றி, தண்டைப் பிடித்து ஒரு இழு. ரோட்டர் பாதி வெளியே வந்ததும் சாய்ந்து, சுற்றியிருக்கும் அசையாத பாகமான ஸ்டேட்டரின் பல்லில் 'டக்'கென்று ஒட்டியது. திரும்பவும் ஒரு இழு. பேரிங் மாற்றிவிட்டு உள்ளே விடும்போது இன்னொரு 'டக்'. இந்தக் காந்தம் பொடியை அழுத்திச் சுட்டுச் செய்வது, பீங்கான் மாதிரி நொறுங்கும். அப்படி இழுக்கக் கற்றுக்கொடுத்தது நான்தான், பழைய இண்டக்‌ஷன் மோட்டார் பழக்கத்தில். புகார் வந்த மோட்டார்களின் நோட்டைப் புரட்டினால் 23இல் 21 எங்களிடம் முன்பே ஒரு தடவை பேரிங் மாற்ற வந்தவை. அன்று சாயந்திரம் பையன்களுக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன். ட்வீசருக்காக வாங்கிய திட்டுக்கு.

மீதி வேலை சுலபம். லேத் பட்டறையில் தண்டை நேராகத் தள்ளும் திருகு இழுப்பான் ஒன்று, 1,800 ரூபாய். அதற்கும் மேலாக, 0.1 மி.மீ. தடிமனுள்ள ஓஹெச்பி ஷீட்டை (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள்) சுருட்டி ரோட்டருக்கும் ஸ்டேட்டருக்கும் நடுவே நுழைத்துவிட்டுத்தான் ரோட்டரை அசைப்பது. எங்கள் மோட்டாரில் இடைவெளி அரை மில்லிமீட்டர், ஷீட் தாராளமாகப் போகிறது. பெயர்ந்த மூலைகளைத் துணியால் துடைத்தால் தூள் நகர்ந்து நகர்ந்து அங்கேயே நிற்கும். சுவரில் படம் ஒட்டும் களிமண் போன்ற பசையை அழுத்தி அழுத்தி எடுத்தால் வந்துவிடுகிறது. பிறகு தண்ணீர்ப் பதத்து எபாக்சியால் மூலையைப் பூட்டுகிறோம். போர்டைக் கழுவிக் காயவைத்து, கனெக்டரை டேப்பால் மூடி, அக்ரிலிக் பூச்சு ஸ்ப்ரே இரண்டு கோட். ஒரு டப்பா 620 ரூபாய், சுமார் 60 போர்டுக்கு வருகிறது. முதல் முறை ஒரே கோட்டாகத் தடிமனாக அடித்ததில் ஹால் சென்சார் கால்களின் ஓரம் குமிழ் விட்டது. மெல்லிசாக இரண்டு, நடுவே அரை மணி நேரம் என்பதே சரியாக வருகிறது.

அடுத்த தடவை இப்படி ஒன்று வந்தால் ஆய்வகத்துக்குக் கிளம்பும் முன் கட்டுக்கம்பிச் சோதனை செய்வேன். இரும்புக்கடையில் கிலோ கணக்கில் விற்கும், கம்பி கட்டுகிறவர்கள் பயன்படுத்தும் அதே மெத்துக் கம்பிதான். ஒரு சாண் நறுக்கி, முதலில் அதைச் சாதாரண ராவின தூளில் தொட்டுப் பார்க்க வேண்டும். எதையும் தூக்கவில்லை என்றால் கம்பியில் காந்தம் ஏறவில்லை என்று அர்த்தம். பிறகு சந்தேகத் தூளில் தொட வேண்டும். எங்கள் போர்டுத் தூள் கம்பியில் மீசை மாதிரி ஒட்டியது, ட்வீசர் தூள் ஒட்டவே இல்லை. காந்தம் இல்லாத கம்பியில் போய் ஒட்டுகிறது என்றால் அந்தத் தூளே காந்தம். ஃபெரைட்டா நியோடிமியமா என்று இது சொல்லாது, பலமாகக் காந்தமேறிய உளி உருக்குத் தூளும் ஏமாற்றக்கூடும், அதற்கு ஈடிஎஸ்தான் வேண்டும். ஆனால் என் ஆறு வார ட்வீசர் வேட்டை முதல் நாளே நின்றிருக்கும்.

அப்படியும் போக நேர்ந்தால் போர்டை அறுக்க மாட்டேன், டேப்பில் ஒற்றித்தான் எடுப்பேன். சந்தேகப்படும் ஒவ்வொரு பொருளிலிருந்தும் ஒரு தெரிந்த மாதிரி கையோடு போகும். அட்டவணையை வாங்காமல் வரைபடத்தின் மூல ஃபைலை வாங்கிக்கொள்வேன். தங்கப் பூச்சு வேண்டுமா என்று கேட்டால், குறைந்த வேக்யூமில் பார்க்க முடிகிற கருவி என்றால் வேண்டாம் என்பேன்; தங்கத்தின் முகடு கந்தகத்தின் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும், பேரியம் சல்ஃபேட்டை அடையாளம் காண்பது சிரமமாகும்.

23 மோட்டார்களில் 21 எங்கள் நோட்டில் இருந்தது என்றேன். மிச்சம் இரண்டு எங்களிடம் முதல் முறை வந்தவை, இரண்டிலும் மூலை பெயர்ந்திருந்தது. வேறு யாரோ இழுத்திருக்கிறார்கள். அந்த இரண்டு ரோட்டர்களையும் ஓஹெச்பி ஷீட் சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறேன், புதிதாகச் சேரும் பையனுக்குக் காட்ட.